எங்க தெருவுல நடக்க ஒரு ஓரம்

கிரீச்...னு ஒரு சத்தம். ஜெசிந்தாவோட லேடீஸ் சைக்கிள் ப்ரேக்கு.

தெருமுனையில அது கேட்டாப் போதும், சோத்துத் தூக்குப்போசி மூடிய அமுக்கிட்டே நான் வெளிய ஓடுவேன்.

அருள்புரம் பக்கம், பல்லடம் ரோட்டுல இருந்து உள்ள திரும்பற தெருங்க. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. ஜெசிந்தா அங்கயே ஓவர்லாக் டைலர். தூத்துக்குடிப் பக்கத்துப் புள்ள. எங்களுக்கு அடுத்த லைன் ஊட்டுல அவங்கம்மாவோட குடியிருந்தா. அவ மிதிப்பா, நான் பின்னால கேரியர்ல ஒரு பக்கமா உக்காந்துக்குவேன்.

தெரு அப்பவும் இதே அகலந்தான். ரெண்டு பக்கமும் கம்பெனி. கம்பெனிக்கு முன்னால டெம்போ. டெம்போவுக்கு அக்கட்டால, ஓரத்துல தெறந்த சாக்கடை... சாயத்தண்ணி ஒரு நாள் செவப்பா ஓடும், ஒரு நாள் ஊதாவா ஓடும்.

"இன்னிக்கு எந்தக் கலரு ஆர்டர்னு தெரியுதாட்டி?"ன்னு ஜெசிந்தா கேட்டுச் சிரிப்பா.

ஒரு நாள் காலையில துணி ரோல் ஏத்துன டெம்போ ஒண்ணு சட்டுனு ரிவர்ஸ்ல வந்துச்சு. ஜெசிந்தா ஹேண்டில்பார ஒடிச்சா. நான் குதிச்சுட்டேன். அவ சைக்கிளோட சாக்கடைக்குள்ள போயிட்டா.

தெருவே ஓடியாந்து தூக்குச்சுங்க. முழங்கை ஒரு மாதிரி திரும்பிக் கெடந்துச்சு. அந்த வலியிலயும் என்னையப் பாத்து, "ஏட்டி, ஒனக்கு ஒண்ணும் ஆகலைல்லா?"ங்கறா...

டெம்போ டிரைவர் தலையில கை வெச்சு உக்காந்து அழுதாரு. அவரையும் என்ன சொல்றதுங்க. வண்டி நிறுத்தவும் எடமில்ல, நடக்கவும் எடமில்ல.

கட்டுப் பிரிச்ச பொறவும் அவளுக்குக் கை முழுசா நீளல. மெஷின்ல துணி புடிச்சு ஓட்ட வரல. கொஞ்ச நாள் பாத்துட்டு ஆத்தாளும் மகளும் ஊருக்கே கெளம்பிட்டாங்க. அப்ப எங்க கையில போன் ஏது? அதோட சரி. அப்பறம் நான் நடந்துதான் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு டெம்போவுக்கும் நின்னு நின்னு...

கல்யாணமாகி, அதே தெருவுலதான் இப்ப எங்க ஊடு. கீழ சின்னதா ஒரு பனியன் யூனிட்டு, மேல நாங்க. ரிவர்ஸ்ல வர்ற டெம்போவுல ஒண்ணு இப்ப எங்களுது.

அந்தத் தெருவத்தான் புதுசாக் கட்டறாங்க. ஒரு ஓரம் பூராவும் நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் சேத்து ஒரே பாதையாம். கொஞ்ச நாளைக்கு முன்னால குடியிருக்கறவங்களைக் கல்யாண மண்டபத்துக்குக் கூப்புட்டு, ரோடு போடற இன்ஜினியர் கூட்டம் போட்டாரு.

மொதல்ல எந்திரிச்சது எங்கூட்டுக்காரர்தான். "லோடு எங்கீங்க எறக்கறது? ரோல தலையில வெச்சா கொண்டாரது?"

மளிகைக்கடை அக்காவுக்கு, "எங்கடை படிக்கட்டு போயிருமுங்களா?"ன்னு கவலை.

கோல் ஊனி நடக்கற ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் சொன்னாரு, "நடக்கறவனையும் சைக்கிளையும் ஒண்ணா விட்டா பின்னால வந்து இடிச்சுப்போடுவானுங்க. அப்பறம் பைக்காரனும் அதுக்குள்ள பூந்துக்குவான். யாருங்க தடுக்கறது?"

எல்லாமே நாயமான கேள்விங்க. ஆனா எனக்குத்தான் சேர்ல உக்கார முடியல. நெளிஞ்சுட்டே இருந்தேன். வந்திருந்ததுல முக்காவாசிப் பேரு வண்டியில வந்தவங்க. இந்தத் தெருவுல தெனம் கூட்டங்கூட்டமா நடக்கறாங்களே, அவங்கள்ல ஒருத்தரும் இல்ல. எல்லாரும் அந்நேரம் ஷிப்ட்ல இருப்பாங்க.

எந்திரிச்சுட்டேன்.

"ஏனுங்க சார், கம்பெனி விடற நேரத்துக்கு தெருவுக்கே ஒருக்கா வந்து கேளுங்க. நடக்கறவங்க அங்கதான் இருப்பாங்க."

இன்ஜினியர் சரின்னுட்டாரு. எங்கூட்டுக்காரர் ஊட்டுக்கு வந்ததும், "லோடு நிக்காட்டி நம்ம பொழப்பு என்னாகும்னு யோசிச்சியா?"ன்னு கேட்டாரு.

"யோசிச்சுட்டேதாங்க எந்திரிச்சேன்."

சொன்ன மாதிரியே ஒரு நாள் பொழுதோட, கம்பெனி விடற நேரத்துக்கு இன்ஜினியர் வந்தாரு. புதுத் தெருவோட படத்த எங்க கேட்டுலயே ஒட்டுனாரு. வேலை முடிஞ்சு வந்த புள்ளைக மொதல்ல கூச்சப்பட்டு ஒதுங்கிப் போச்சுக. அப்பறம் ஒரு ஒடிசாப் பொண்ணு கிட்ட வந்து அரைகுறைத் தமிழ்ல கேட்டுச்சு, "சார், லைட் இருக்கு?"

அதோட எல்லாரும் சூழ்ந்துட்டாங்க. "நாங்க நாலு பேரு சேந்து நடப்போம், சைக்கிள் வந்தா ஒதுங்க எடம் இருக்குமா?" "பைக்கு ஏறாம கம்பி வெப்பீங்களா?"

எங்கூட்டுக்காரர் கையக் கட்டிட்டு வாசல்லயே நின்னு கேட்டுட்டு இருந்தாரு. கடைசியில அவரே இன்ஜினியர்கிட்டப் போனாரு.

"லோடு மத்தியானம் எறக்கிக்கறமுங்க. ஷிப்ட் ஏறற நேரம், விடற நேரம் எங்க டெம்போ நிக்காது. ஆனா எறக்கறதுக்குன்னு ஒரு எடம் கோடு போட்டுக் குடுத்துருங்க."

போடறோம்னாங்க. நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் நடுவுல கல்லு பதிச்சுப் பிரிக்கறோம், முனையில கம்பி நடறோம்னும் சொல்லியிருக்காங்க.

இப்ப தெரு பூராத் தோண்டிக் கெடக்கு. துணியெல்லாம் மண்ணாகுதுன்னு கீழ சத்தம் போடறாங்க. சொன்னபடி செய்வாங்களா, பாதியில உட்டுட்டுப் போயிருவாங்களான்னு எனக்கு ஒரு எடத்துல இருப்பே கொள்ளல. அடுப்புல வேலையப் போட்டுட்டு, அப்பப்ப வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டே இருக்கேன்...

எங்க காலத்துல இருட்டுல தடவித் தடவித்தான் ஊட்டுக்கு வருவோம். சிரிச்சுக்கிட்டேதான் வந்தோம், இல்லைங்கல. ஆனா லைட்டு இருக்குதான்னு ஒருத்தர்கிட்ட கேக்கலாம்னே எங்களுக்குத் தோணுனதில்லைங்க.