கோவிந்தராஜ் குழலில் இறங்காத குண்டு

“நான் தேய்க்கிற குண்டு அந்தாளு பந்தூக்குல ஒருநாளும் இறங்காது. அவரு வந்து மண்டி போட்டாலும் சரி, மெயின்லேண்டுல இருந்து மந்திரியே வந்தாலும் சரி.”

1968 கார்த்திகையில், போர்ட் பிளேரை அடுத்த பெரார்கஞ்ச் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற பதினேழு பேர் முன்னிலையில் மங்கையர்க்கரசி அம்மையார் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். பதினெட்டாவது ஆளாக நின்றவர் பக்கத்து வயல் கோவிந்தராஜ். அவர் தன் டின்னின் மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அம்மையாரின் கோபத்துக்குச் சரித்திரம் உண்டு. புலியோ சிறுத்தையோ இல்லாத தீவில், வேட்டைக்கு ஆகும் என்று வெள்ளைக்காரன் புள்ளிமானைக் கொண்டுவந்து விட்டான். விட்டவன் கப்பலேறிப் போய்விட்டான். மான் போகவில்லை, பெருகியது. பிறகு வந்த சர்க்கார் காட்டை வெட்டி, குடியேற வந்தவர்களுக்கு வயல் கொடுத்தது. அதாவது மானுக்குப் பந்தி போட ஆள் நியமித்தது. பயிரைக் காக்க, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கி, ஊர்ப்பேச்சில் பந்தூக், ஒன்றுக்கு லைசென்ஸும் கொடுத்தது. லைசென்ஸ் கணவர் பழனிசாமி பெயரில் இருந்தது. பழனிசாமிக்குச் சாத்தம் மரமில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மான் மற்ற ஆறு நாளும் வந்தது. ஆகவே சுட்டது அம்மையார்.

இந்தத் துப்பாக்கிகளில் ஒன்றின் குழலைப் போல இன்னொன்றின் குழல் இருக்காது. குண்டு பெருத்தால் வாயிலேயே நின்றுவிடும், சிறுத்தால் உள்ளே உருண்டு விளையாடும். அம்மையார் கிழிந்த மீன்வலைகளின் ஈய மணிகளை இரும்புக் கரண்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவார். ஆறியதும், கணவர் மில்லிலிருந்து கொண்டுவந்த உடைந்த ரம்பத் தகட்டின் மேல் குண்டை வைத்து, தட்டையான அரத்தை அதன்மேல் அழுத்தி வட்டமாக உருட்டுவார். தேங்காயெண்ணெய் தடவிய துணித்துண்டோடு கட்டைவிரல் அழுத்தத்தில் குழல் வாய்க்குள் போக வேண்டும், அதற்குமேல் கம்பியால் தள்ளினால்தான் நகர வேண்டும். அதுவரை உருட்டுவார். உருட்டும் நேரமெல்லாம் மான்களைத் திட்டுவார்.

அவர் சுட்டால் ஒரு மான் விழும். விழாத மான்கள் வரப்பைத் தாண்டி கோவிந்தராஜ் வயலுக்குத் தாவும். தன் நெல்லைத் தின்னும் மான்கள் யாவும் அம்மையாரின் வெடிச்சத்தத்தால் அனுப்பி வைக்கப்பட்டவை என்று கோவிந்தராஜ் மூன்று பக்கத்தில் மனு எழுதினார். லைசென்ஸ் கணவனுக்கு, சுடுவது மனைவி என்பதையும் போகிற போக்கில் சேர்த்துவிட்டார். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து துப்பாக்கியை எடுத்துப் போனார். மான்களை அவர் விசாரிக்கவில்லை.

லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற அம்மையார் மூன்று முறை போர்ட் பிளேர் போனார். முதல் முறை அதிகாரி சாப் டூரில் இருந்தார். இரண்டாம் முறை படிவம் இல்லை. மூன்றாம் முறை அங்கிருந்த கிளார்க், பந்தூக் பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார்.

“பந்தூக் பத்திரமா இருக்கு சார். நெல்லு?”

நெல் வேறு இலாகா என்றார் கிளார்க்.

அறுவடைக்குப் பத்து நாள் இருந்தது. வருடம் முழுவதும் வீட்டுக்குச் சோறு போட வேண்டிய ஒரே விளைச்சல் அது. மான்கள் இரண்டு வயலையும் பாரபட்சமின்றி மேய்ந்தன. அம்மையாரிடம் டப்பா நிறையக் குண்டு இருந்தது, துப்பாக்கி இல்லை. கோவிந்தராஜிடம் துப்பாக்கி இருந்தது, உருப்படியான குண்டு இல்லை. அவருடைய குழல் அம்மையார் குண்டுக்குக் குறுகல். அவர் இரவல் வாங்கிய அச்சோ குழலைவிட வெகு சிறியது. ஒருநாள் காலை, மேட்டு வரப்பில் நின்று கீழே மேய்ந்த கொம்பன் மானைக் குறிவைத்துக் குழலைத் தாழ்த்தினார். குண்டு தானாகவே உருண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது. கொம்பன் நிமிர்ந்து பார்த்தது. பிறகு நிதானமாக வரப்பைத் தாண்டி அம்மையார் வயலில் இறங்கி, கதிரைக் கடித்தது.

மறுநாள் ரேஷன் கடை வரிசையில் யாரோ ஒருவர், குண்டைக் கொஞ்சம் குறைத்துத் தேய்த்து கோவிந்தராஜுக்குக் கொடுத்தால் இரண்டு வயலும் பிழைக்குமே என்று நியாயம் பேசினார். அதற்குத்தான் அந்தப் பிரகடனம்.

அது நான்கு நாள் நின்றது. அந்த நான்கு நாளில் அம்மையார் வயலில் மூன்றில் ஒரு பங்கு காலியானது. ஐந்தாம் நாள் காலை கோவிந்தராஜின் மனைவி சுசீலா வந்தார். கையில் துணி சோப்புக் கட்டி. தங்கள் வீட்டுத் துப்பாக்கியின் வாயை அதில் அழுத்தி எடுத்திருந்தார். குழலின் உள்ளளவுக்கு நடுவில் ஒரு குட்டைச் சோப்புத் தூண் நின்றது.

“அக்கா, திட்டுறதுன்னா திட்டுங்க. திட்டி முடிச்சிட்டு இதைப் பாருங்க.”

அம்மையார் அந்த உரிமையை மிச்சமின்றிப் பயன்படுத்தினார். மூன்று பக்க மனுவுக்கும் பக்கவாரியாகப் பதில் சொன்னார். ஜீப்பில் வந்தவருக்கும் கிளார்க்குக்கும் சேர வேண்டியதையும் சுசீலாவிடமே கொடுத்தார்.

“மனு எழுத வேணாம்னுதான் நானும் சொன்னேன்க்கா. கேட்டாரா? இன்னிக்கு விடியறப்ப உங்க கீழ் மடைப்பக்கமும் போச்சு.”

“தெரியும். கல்லெடுத்து எறிஞ்சேன். அதுங்க கல்லை மோந்து பாக்குதுங்க.”

அம்மையார் குனிந்து சோப்புத் தூணைப் பார்த்தார்.

“சோப்பை வச்சிட்டுப் போ,” என்றார் அம்மையார்.

தகரத்தை நாடாவாக நறுக்கி, சோப்புத் தூணைச் சுற்றி வளைத்து, கம்பியால் கட்டி ஒரு வளையம் செய்தார். டப்பாவைக் கவிழ்த்து முதல் குண்டை எடுத்தார். உருட்டினார், வளையத்தில் விட்டுப் பார்த்தார், மறுபடி உருட்டினார். ஈயத்தூள் தகட்டில் சாம்பலாகப் படிந்தது. மதியச் சோறு ஆறிப்போனது. அன்று உருட்டும்போது அவர் வாயிலிருந்து ஒரு வசவும் வரவில்லை.

சாயங்காலம் வெயில் இறங்குமுன் வரப்புக்குப் போனார். கோவிந்தராஜ் நின்றிருந்தார். அம்மையார் அவர் முகத்தைப் பார்க்காமல் எண்ணெய்த் துணியையும் குண்டையும் நீட்டினார். அவர் மருந்தைப் போட்டு, துணியை வாயில் விரித்து, குண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அது அடங்கி உள்ளே போனது. கம்பியை விட்டு மருந்து வரை தள்ளினார். பிறகு, சந்தேகம் போகாமல், குழலைத் தரையை நோக்கிச் சாய்த்துக் காத்திருந்தார். எதுவும் விழவில்லை.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்துத் திரும்பினார். அம்மையார் வரப்பில் உட்கார்ந்து அடுத்த குண்டுக்குத் துணி நறுக்கிக்கொண்டிருந்தார்.