தூக்கிப் பார்த்து வாங்கிய பாட்டுப் பெட்டி

எந்த ஆம்பிளிபையரையும் பஞ்சாலை முதலில் காதால் கேட்க மாட்டாள். ஒரு மூலையில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பாள். கனம் கைக்குப் பிடித்திருந்தால்தான் "ம், போடுங்க" என்பாள். சிரம்பானில் விலை உயர்ந்த ஸ்டீரியோ விற்கும் கடைகளில் இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கூடப்போகும் மகள் நீலாவதிக்கு வெட்கமாக இருக்கும். பஞ்சாலை யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. பேச்சென்றாலே அவளுக்குக் கூச்சம்.

அந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில், ரப்பர் தோட்டத்து வேலிக் கேட்டில் வந்தது.

அப்போது தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. ஆண்களைப் போலீஸ்காரர்கள் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமென்று பஞ்சாலையை நிறுத்தினார்கள். வாய் திறக்காதவள், கண் மட்டும் எதையும் விடாது. வாளி, தூக்குச்சட்டி, துணிமூட்டை என்று எதையும் தூக்கிப் பார்ப்பாள். காலி வாளி கொஞ்சம் கனத்தாலும் புருவம் ஏறிவிடும்.

அவள் புருஷன் அர்ச்சுனன் நல்ல பாட்டுக்காரன். மெதுவான அடிக்குரல். முந்தின வருஷத் திருவிழாவில் வாடகைக்கு வந்த மைக் செட்டு, அந்தக் குரலைத் தகர டின்னில் கல்லைப் போட்டு உருட்டியது மாதிரி ஆக்கிவிட்டது. சனம் சிரித்தது. பாதிப் பாட்டில் மைக்கை வைத்துவிட்டு இறங்கியவன், அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூடப் பாடவில்லை. அவன் பாட்டுக்காகவே அவனைக் கட்டிக்கொண்டவளுக்கு வீடே ஊமையாகிப் போனது.

"இந்த வருஷம் கோயிலுக்குச் சொந்த செட்டு. பாடுவியாடா?" என்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இராஜமாணிக்கம் கேட்டார்.

"செட்டு எப்பிடின்னு பார்ப்போம். இந்தத் தடவையும் சிரிச்சாங்கன்னா அதோட முடிஞ்சதுலா."

ரஹாங்கிலிருந்து கடைக்காரர் சொக்கப்பன் இரண்டு செட்டுகளோடு வந்தார். அதற்குள் இருட்டி ஊரடங்காகிவிட்டதால் மண்டோர் வீட்டிலேயே தங்கினார். கோயில் வேலிக்கு வெளியே இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், போட்டுக் கேட்டுப் பார்க்க இரண்டையும் அங்கே கொண்டுபோனார்கள். கண்ணாடி முகமும் கலர் விளக்குமாக இருந்த பெரிய பெட்டியை மண்டோரே தோளில் வைத்துக்கொண்டார். பழைய சாம்பல் நிறப் பெட்டி சின்னது. அதைத் தூக்கி வந்த அர்ச்சுனனுக்கு வியர்த்துக் கொட்டியது. கேட்டில், கோயில் கழுவப் போகும் பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள்.

பஞ்சாலை பெரிய பெட்டியைத் தூக்கினாள். ஒற்றைக் கையில் வந்தது. சின்னதைத் தூக்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டது. உள்ளே அரிசியோ என்று பட்டது. அரிசி கடத்தினால் ஜெயில். தூக்கி வந்தவன் புருஷன்.

"தொறங்க."

"என்னா புள்ள, நாந்தான்!"

"நீங்கன்னாலும் தொறங்க."

"ஏன் மச்சான், வீட்டுலயும் இப்பிடித்தான் சோதனையா?" என்றாள் வரிசையில் நின்ற செல்லம்மா. எல்லாரும் சிரித்தார்கள். போலீஸ்காரன் மட்டும் துப்பாக்கியை நிமிர்த்திக்கொண்டு கிட்டே வந்தான்.

கூட வந்த சொக்கப்பன் முன்னால் ஓடி வந்தார். அவரே திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே கண்ணாடி வால்வுகள். அவற்றுக்குப் பின்னால் கறுப்பாக இரண்டு இரும்புக் கட்டிகள்.

"அரிசி இல்லம்மா! டிரான்ஸ்பார்மரு. ஊருக்குப் போன தொரை வித்துட்டுப் போன சாமான். இரும்புலயும் செம்புக் கம்பியிலயும் கஞ்சத்தனமே பண்ணல. இது பெருசா இருந்தாத்தான் குரல் ஒடையாது. எவ்வளவு சத்தம் வச்சாலும் கிழியாது. அடிக்குரலு அப்பிடியே உருண்டு வரும். சத்தியமா அரிசி இல்லம்மா!"

போலீஸ்காரன் எட்டிப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்தினான். பஞ்சாலை திரும்பிப் பெரிய பெட்டியைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் மண்டோரும் பார்த்தார்.

"அப்ப இதுல ஏன் கனமே இல்ல?"

சொக்கப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது... பார்வைக்கு, மண்டோரே."

"நேத்து எங்க வீட்டுல கோழிக்கறி தின்னுட்டு இதத்தானய்யா நல்லதுன்னீங்க!"

வரிசை முழுக்கச் சிரிப்பு.

ஆனாலும் கோயிலில் இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். பஞ்சாலையால் கேட்டைவிட்டு நகர முடியாது. முதலில் பெரிய பெட்டியிலிருந்து கேட்டது போன வருஷத்துத் தகர டின் சத்தம். யாரோ சிரித்தார்கள். பிறகு சத்தமே இல்லை. போய்விட்டான், இனிப் பாட மாட்டான் என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போது பால்மரங்களுக்கு மேலாக அவன் குரல் வந்தது. அடுத்த அடிக்கு அவன் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. கையில் யாருடைய வாளியோ இருந்தது. சோதிக்க மறந்து நின்றாள்.

"என்னா அக்கா, வாளியக் குடுங்க. உள்ள உங்க புருஷன் இல்ல" என்றாள் செல்லம்மா.

அந்த வருஷத் திருவிழாவில் அர்ச்சுனன் பாடினான். ஊரடங்கு நேரம் நெருங்கி, போலீஸ்காரர்கள் வந்துதான் நிறுத்த வேண்டியிருந்தது.

கனம் மட்டும் போதாது என்று பஞ்சாலைக்குத் தெரியும். கல்லைப் போட்டும் கனக்க வைக்கலாம். அதனால்தான் தூக்கிப் பார்த்த பிறகு, அடிக்குரல் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லிச் சத்தத்தைக் கூட்டிக் கேட்பாள்.

வேலி எப்போதோ போய்விட்டது. பஞ்சாலையும் அர்ச்சுனனும் இப்போது மம்பாவில் நீலாவதியோடு இருக்கிறார்கள். வீட்டில் ஓடுவது அவள் தூக்கிப் பார்த்து வாங்கிய ஸ்டீரியோ. சாம்பல் நிறப் பெட்டி கோயிலிலேயே இருக்கிறது. வால்வு மாற்றியிருக்கிறார்கள். திருவிழாவுக்குத் திருவிழா அர்ச்சுனன் அதில் பாடுகிறான்.