பாரத்துக்கு ஏறிய பெண்கள்

பிள்ளை வலியோடு நான் லொறியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி அடித்தன. தொண்ணூறுகளில் ஒரு மழைப் பகல், என் தலைப்பிள்ளை. பசறைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக தேயிலைக் கொழுந்து ஏற்றும் அந்த லொறியை விட்டால் வேறு வழியில்லை. டிரைவர் அண்ணன் இறங்கி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட குச்சிகளை அள்ளிச் சக்கரத்துக்கடியில் திணித்தார். லொறி ஏறவில்லை, பின்னுக்கு வழுக்கியது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். புது டயரெல்லாம் தூளாக்கிய தேயிலை ஏற்றிக் கொழும்புக்குப் போகும் லொறிக்கு. அதில் ஓடி, வரியெல்லாம் அழிந்த பிறகு, கொழுந்தையும் நோயாளிகளையும் ஏற்றும் லொறிக்கு மாட்டுவார்கள். "மழைக்குப் புடிக்காதுங்க ஐயா" என்று டிரைவர் அண்ணன் எத்தனையோ தடவை தோட்டத்தை நடத்திய துரையிடம் கெஞ்சியிருக்கிறார். "கொழுந்துக்கு இது போதும்" என்பதே பதில். தேயிலைக்குக் கொடுத்த மரியாதையைக் கொழுந்து கிள்ளியவளுக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

வெறும் லொறிதான் அதிகம் வழுக்கும் என்பது டிரைவர் அண்ணனுக்குத் தெரியும். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கூவி அழைத்தார். "ஏறுங்கம்மா, எல்லாரும் பின்னாடி நில்லுங்க. பாரம் இருந்தாத்தான் டயர் புடிக்கும்!" இருபது பேர் நனைந்த கூடைகளோடு ஏறி என்னைச் சுற்றி நின்றார்கள். லொறி மேடேறியது. ஆனால் அதற்குள் நேரம் போய்விட்டது. பதுளையில் பிள்ளையை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே, பிள்ளை" என்று என்னிடம் சொன்னார் அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர்.

அடுத்த மாதம் தோட்டத்து ஆபீசில் அன்றைய லொறிப் பயணம் பற்றி விசாரணை என்று என்னையும் கூப்பிட்டார்கள். துரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "லொறியில எத்தனை பேர் ஏறினாங்க?" டிரைவர் அண்ணனைப் பாராட்டத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்த முட்டாள் நான், "இருபது பேருங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அனுமதியில்லாமல் ஆள் ஏற்றினார் என்று அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். என் வாயால் வந்த வார்த்தைதான் சாட்சி. "நீ உள்ளதத்தானே சொன்ன, தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

இன்று அந்த மேட்டுக்குத் தார் போட்டுவிட்டார்கள். டிரைவர் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். டயரைப் பற்றி அன்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: பின் டயர் நாலும் மொட்டை.