குமாரிக்குச் செய்த மெஷின்

பதினொரு வருஷம் எங்கள் வீட்டுத் தரையைத் துடைத்தவள் குமாரி. பாறசாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு. அவள் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நடந்தால் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தை நடக்காமல் நான்கு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவன் நான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் கணவன் கல்குவாரியில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டு இறந்துபோனான். அதற்குப் பிறகு நான்கு வீட்டில் தரை துடைத்துத்தான் மகளை நர்சிங் படிக்கவைத்து, காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்தாள். “மகள்கூடப் போய் இரியேன்” என்று என் மனைவி ஆனந்தபாய் சொல்லும்போதெல்லாம், “எனக்குக் கையும் காலும் உண்டு அக்கா” என்பாள். பிடிவாதக்காரி. கம்பு வைத்த மாப்பு வாங்கிக் கொடுத்தோம். அதைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்தேதான் துடைத்தாள். கம்பு போட்டுத் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாதாம்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. துடைத்து முடித்ததும் கதவு நிலையைப் பிடித்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவாள். அதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், ஓய்வு பெற்றுச் சும்மா கிடக்கிறேன். இவளுக்காக ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது.

பெயிண்ட் வாளியின் மூடிதான் உடம்பு. பேரனின் உடைந்த பொம்மைக் காரிலிருந்து இரண்டு மோட்டாரும் சக்கரங்களும் எடுத்தேன். முன்சக்கரத்துக்கு, அக்குளில் பூசும் ரோல்-ஆன் பாட்டிலின் உருண்டை. எமர்ஜென்சி விளக்கின் பேட்டரி. பழைய கம்ப்யூட்டரின் விசிறி தூசியை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இழுக்கும். பின்னால் நனைந்த தோர்த்துத் துண்டு துடைத்துக்கொண்டே வரும். மவுஸைப் பிளந்து எடுத்த இரண்டு சுவிட்சை முன்னால் வைத்தேன். வலது பக்கம் இடித்தால் இடது சக்கரம் பின்னோக்கிச் சுற்றும், மெஷின் விலகிப் போகும். ஒன்றரை மாதம் பிடித்தது. நாற்காலிக் காலில் இடித்து அது தானாகத் திரும்பிய அன்று சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

ஓணத்துக்கு ஒரு வாரம் முன்பு குமாரியை நிறுத்தி ஓட்டிக் காட்டினேன். கடைசிவரை பார்த்தாள். “நல்லா இருக்கு சாரே” என்றாள். நாங்கள் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் என்றாலும் ஓணத்துக்கு அவளுக்குப் புதுச்சேலை கொடுப்பது வழக்கம். ஆனந்தபாய் அதையும் அப்போதே எடுத்து நீட்டினாள். நான் உற்சாகத்தில், “இனி நீ குனியவே வேண்டாம் குமாரி. உடம்பைப் பாத்துக்கோ” என்றேன். இரண்டு கையாலும் சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாளியைக் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஓணம் கழிந்தது. அவள் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் யாரையும் முகத்தைப் பார்த்து ‘நாளைமுதல் வராதே’ என்று சொல்லமாட்டோம். ஒரு புதுத்துணி கொடுப்போம், இனி கஷ்டப்படாதே என்போம். வாங்குகிறவர்தான் புரிந்துகொள்ளவேண்டும். தேங்காய் பறிக்க வந்த வேலாயுதனை இரண்டு வருஷம் முன்பு அப்படித்தான் அனுப்பினேன். வேட்டி கொடுத்து, “இனி நீ ஏறவேண்டாம், உடம்பைப் பாத்துக்கோ” என்றேன். அப்போது வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் குமாரிதான்.

மூன்றாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனந்தபாயும் சொன்னாள்: “அவ உங்க மெஷினாலயாக்கும் வராதது. போய்க் கூட்டிட்டு வாருங்க.”

“காய்ச்சலா இருக்கும்” என்றேன். பச்சைப் பொய்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து பத்துப் பேர் மெஷினைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் சிபி என்ற பையன் வீடியோ எடுத்துச் சபை வாட்ஸ்அப்பில் போட்டான். தேவகுமார் சார் பெரிய ஆள்தான் என்று என்னைப் பற்றி எழுதினார்கள். நான் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். குமாரி வந்தால் மாப்பைச் சாத்தியதுபோல இதையும் சாத்திவிடுவாளே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம், வேறொன்றும் இல்லை. மெஷின் போகாத மூலைகளையெல்லாம் ஆனந்தபாய் முட்டுவலியோடு துடைத்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

புது வருஷமும் கழிந்தது. பக்கத்து வீட்டு சத்தியபாய்தான் சொன்னாள், குமாரி ஒரு கல்யாண மண்டபத்தில் தரை துடைக்கிறாள் என்று. ஆயிரம் பேர் சாப்பிட்டு எழும் தரை. மறுநாள் ரயில் பாதையைத் தாண்டி அவள் வீட்டுக்கு நடந்தேன்.

குமாரி இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பால் விடாத கட்டன்சாயா தந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“மெஷின் ஓடுதா சாரே?”

“ஓடுது.”

“மத்த வீட்டுல எல்லாம் வேண்டாம்னா மூஞ்சி காட்டுவாவ. நிங்க புதுத்துணி தந்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினிய. நான் எல்லாரிட்டயும் சொல்லுவேன்.”

என்னால் தலை நிமிர முடியவில்லை. “குமாரி, நான் உன்னை அனுப்பல்ல. உன் இடுப்புக்காகத்தான் அதைச் செய்தேன்” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம்தான் வந்தது. பிறகு அது போய்விட்டது.

“அப்போ நாலு மாசமா ஏன் சாரே கேக்க வரல்ல?”

காய்ச்சல் என்று நினைத்தேன், மழை விடவில்லை என்று சொல்ல வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுச் சாயா கிளாஸைக் கீழே வைத்தேன்.

“மண்டபத்துல இன்னைக்கு ஒரு கல்யாணம் உண்டு. நேரமாச்சு” என்றாள்.

கதவு நிலையைப் பிடித்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் நான் அந்த மெஷினைச் செய்ய உட்கார்ந்தேன்.