ஈரச்சாக்கில் சுற்றிய துப்பாக்கி

கொடைக்கானல் ஏரியில் படகு பழுது பார்க்கும் பவுல்ராஜ் அண்ணன் நடக்கும்போதே பாதி ஓடுவார்; பேசும்போதே பாதி சிரிப்பார். சீசனுக்கு வருகிறவர்கள் படகில் எழுந்து நின்று போட்டோ பிடித்துக் கவிழ்ந்தால், கரைக்கு இழுத்துப் போடுவதும் அவர்தான், “தண்ணி சில்லுன்னு இருக்கா சார்?” என்று விசாரிப்பதும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் அசையாமல் குப்புறப் படுத்திருப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் மனைவி அடைக்கலமேரியே நம்பியிருக்க மாட்டார்.

சீனச் சண்டை முடிந்த கையோடு ஊர் ஊராக ரைபிள் கிளப் தொடங்கினார்கள். எங்கள் கிளப்புக்குச் செயலாளர் சேனாதிபதி சார், ஓய்வுபெற்ற வனத்துறை ரேஞ்சர். நான் அங்கே அரைநாள் குமாஸ்தா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள், பி.எஸ்ஸி. பௌதிகம். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் அட்டுவம்பட்டியில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் “அடுத்து என்ன?” என்றார்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பவுல்ராஜ் அண்ணன் கிளப்பில் சேர்ந்த அன்று, இருபத்தைந்து கஜத்தில் வைத்த அட்டையைச் சுட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஏலே பீயெஸ்ஸி, இம்புட்டுக் கிட்டக்கன்னா நான் கல்லாலேயே அடிச்சிருவேன். தூரமா எதுவும் இல்லையா?”

தூரத்துக்குச் சுட வேறு ரைபிள் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வரும்; விலையைச் சொன்னபோது அவர் என்னை அடிக்க வந்தார். ஆனால் கிளப் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய ரைபிள் கிடந்தது. அதன் மரக்கட்டையைக் கறையான் தின்றுவிட்டது. குழலும் குதிரையும் பழுதில்லை.

“எடுத்துக்கும்யா,” என்றார் சேனாதிபதி சார். “கட்டையைச் செஞ்சு போடும். பங்குனியில மதுரைப் போட்டி. இருநூறு கஜத்துல பத்துக் குண்டு போட்டு நூத்துக்கு எண்பது வாங்கிட்டீர்னா இரும்பு உமக்கு. லைசென்ஸ் மாத்திக் கொடுக்கிறது என் பொறுப்பு. வாங்கலைன்னா திரும்ப அலமாரிக்கு.”

அண்ணன் அன்று வீடு வரைக்கும் முழுசாகவே ஓடினார்.

உடைத்துப் போட்டிருந்த ஒரு படகின் சந்தனவேம்புப் பலகையை இழைத்துக் கட்டை செய்தார். தோளில் பதியும் இடத்துக்கு லாரி டயர் ரப்பர். கண்ணை வைத்துக் குறிபார்க்கும் துளைக்கு, ஓடாத அலாரம் கடிகாரத்தின் பித்தளைத் தகடு. அதை ஏற்றி இறக்க, யாரோ விட்டுப்போன காமிரா முக்காலியின் திருகாணி. திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் குண்டு எவ்வளவு ஏறும் என்று நான் கணக்குப் போட்டேன். படித்ததை ஒரு பொருளின் மேல் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கணக்கு சரியாக வந்தபோது, பரீட்சையில் தேறியபோது வராத சந்தோஷம் வந்தது. அப்படியென்றால் மூன்று வருடம் கல்லூரியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

குழலைக் கட்டையில் பொருத்திய அன்று விடாத மூடுபனி. இடுக்கில் ஒரு தலைமுடிகூட நுழையாதபடி இழைத்து இழைத்து இறக்கினார்.

“படகுன்னா தண்ணி புகப்படாது. இதுல காத்துகூடப் புகப்படாதுலே.”

எங்களுக்குச் சமதரையில் இருநூறு கஜம் ஏது? கைவிட்ட கல்குவாரியில் இந்தச் சரிவில் படுத்து, பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவில் நட்ட அட்டையைச் சுட்டோம். அட்டைக்குக் கீழே ஆழமாக வெட்டிய குழிக்குள் மேரி மதினி இருப்பார். குண்டு அட்டையில் பட்டால் வெள்ளைத்துணி, படாவிட்டால் சிவப்புத்துணி. அவர் குரலுக்குத் துணியே தேவையில்லை.

“ஏ மனுசா! பாறையக் கொத்தவா கூப்பிட்டு வந்த? எனக்கு வீட்டுல சோலி கெடக்கு!”

“பனி மறைக்குது மேரி!”

“பனி உன் கண்ணுலயா, புத்தியிலயா?”

மாசி மாதத்தில் ஒரு காலை, பத்துக்கும் பத்து வெள்ளைத்துணி. அண்ணன் எழுந்து ஆடினார். எதிர்ச்சரிவில் மதினி ஆடினார். நானும் ஆடினேன். இன்டர்வியூவுக்காக வாங்கிய சட்டையோடு சேற்றில் விழுந்து, எழுந்து, மறுபடி ஆடினேன்.

அப்புறம் மதுரை.

சேனாதிபதி சாரின் ஜீப்பில் அண்ணன், மதினி, நான் என்று முந்தின நாளே இறங்கினோம். போட்டி நடந்தது ஊருக்கு வெளியே வற்றிய கண்மாயில்; கரைதான் குண்டு தாங்கும் சுவர். மலையிலிருந்து வந்த எங்களுக்கு அந்த வெயில் தலையில் கைவைத்து அழுத்துவது போலிருந்தது. மதியம் பயிற்சிக்குச் சுட்டோம். முதல் குண்டு இடப்பக்கம். அடுத்தது மேலே. மூன்றாவது எங்கே போனது என்று கண்மாய்க்குத்தான் தெரியும்.

“கை நடுங்குதா?” என்றார் சார்.

“இல்லீங்க சார்,” என்றார் அண்ணன். முகத்தில் சிரிப்பு இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கீழே காற்று அடர்த்தி, அதனால்தான் என்று நான் பித்தளைத் தகட்டை ஏற்றினேன். அடுத்த குண்டு கரைக்கு நெருக்கமாகப் பறந்துகொண்டிருந்த கொக்குகளைக் கலைத்தது. வெட்கத்தோடு ரைபிளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் என் விரல் நகம் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் போயிற்று. ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்றது.

“அண்ணே, கட்டை சுருங்கிப்போச்சு. பனியில அளவெடுத்தோம், வெயில்ல சுடுறோம்.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “படகு புத்தி! பனியில ஊறின கட்டையில இறுக்கமா இறக்குனா அதுதான் சரின்னு நெனச்சிட்டேன். போச்சுலே. அலமாரிக்குப் போச்சு.”

காகிதம் மடித்துச் செருகினோம்; இன்னும் மோசமாயிற்று. மதினி கட்டையைத் தட்டிப் பார்த்தார். கேரட் வியாபாரத்தில் மலைமேல் கவுஞ்சிக்கும் மதுரைக்கும் போய்வருகிற வீட்டில் பிறந்தவர் அவர்.

“இரும்பக் கழட்டி எண்ணெ போட்டுச் சார்கிட்ட கொடுங்க. கட்டைய எங்கிட்ட கொடுங்க.”

“என்ன செய்யப்போற?”

“கேரட்டை எப்படி வாடாமக் கொண்டாறோம்? ஈரச்சாக்குலதான. இதுவும் மலையில வெளைஞ்சதுதான?”

அன்று பொழுது சாயும் முன்பே கட்டை ஈரச்சாக்கில் சுற்றிப் படுத்துவிட்டது. மறுநாள் வெள்ளனே இரும்பை இறக்கினால், ‘கிறீச்’ என்ற சத்தத்தோடு கச்சிதமாக உட்கார்ந்தது. மதினி ஒரு குடத்தையும் சொம்பையும் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கே வந்தார்.

ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு அண்ணன் ரைபிளைத் திறந்து வெறுமையாக்கிக் கீழே வைப்பார். மதினி கட்டையில் ஈரத்துணியைப் போட்டு ஒற்றியெடுப்பார். பக்கத்தில் படுத்திருந்த மதுரைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்னம்மா, துப்பாக்கிக்குக் காய்ச்சலா?”

“ஆமாங்க. உங்க ஊரு ஒத்துக்கலை.”

“கஞ்சி கிஞ்சி குடிக்குமா?”

“பத்து மாத்திரை முழுங்கினாச் சரியாயிரும். நீங்க உங்க அட்டையப் பாருங்க.”

ஏழு குண்டுவரை ஒன்பதும் எட்டுமாக விழுந்தது. வெயில் ஏறியது. குடம் காலியானது. எட்டாவது ஆறு, ஒன்பதாவது ஐந்து. நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், எழுபத்திரண்டு. இன்னும் எட்டு வேண்டும். துணியைப் பிழிந்தால் சொட்டு வரவில்லை. சேனாதிபதி சார் தொண்டையைச் செருமினார். கையில் அவருடைய பிளாஸ்க்.

“காபிதான் இருக்கு. பரவாயில்லையா?”

ஆறிப்போயிருந்த காபியை மதினி துணியில் ஊற்றிக் கட்டையோடு சேர்த்துப் பிடித்தார். அண்ணன் படுத்தார். அந்த ஓடுகிற மனிதர், கண்மாயில் கிடக்கும் கல்லைப் போல ஆகிவிட்டார். பத்தாவது குண்டு வெடித்தது.

ஒன்பது.

மதினி சொம்பை மேலே வீசினார். அது மதுரைக்காரர் முதுகில் இறங்கியது. அண்ணன் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கண்மாயைச் சுற்றி ஓடினார். தலைகீழாகத் தொங்கியபடி, அடுத்து என்ன என்று யாராவது கேட்டால்கூட இப்போது கோபம் வராது என்று நினைத்தேன்.

மாலையில் ஜீப் மலை ஏறியது. குளிர் தட்டிய ஒரு வளைவில் பின்னால் ‘டப்’பென்று சத்தம். டயர் என்று நினைத்து சார் இறங்கிப் பார்த்தார். டயர் இல்லை. ஊறியும் காய்ந்தும் களைத்த கட்டை நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

அண்ணன் குனிந்து பிளவில் விரலை விட்டுப் பார்த்தார்.

“சார்,” என்றார் அண்ணன் மெதுவாக, “இரும்பு எனக்குத்தான?”

“உமக்குத்தான்யா. நான் வாக்கு மாறமாட்டேன்.”

“அப்பச் சரி. கட்டை வேற செஞ்சுக்கிறேன்.” இரண்டு துண்டுகளையும் எடுத்து மதினி மடியில் வைத்தார். “இந்தா, வெந்நி போட ஆகும்.”

மதினி மோந்து பார்த்தார். “காபி வாடை அடிக்கும். பரவாயில்லையா?”

சிரித்து முடிப்பதற்குள் மூன்று வளைவுகள் போய்விட்டன.