சொந்தக்காரன் இல்லாத மெஷின்

கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர்களுக்குத் தெரியும்: மெஷின் வாங்குவது லேசு, அதன் முன்னால் ஆளை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. எண்பதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தின் பதுளை பஸாரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நான் அந்தப் பாடு பட்டேன். என்னைப்போல் பட்டவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், மற்றவர்கள் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

யாரும் தொடாத புதுசு

புடவைக் கடை ஹாஜியார்தான் வகுப்புக்கும் முதலாளி. இருந்த பழைய மெஷினைச் சுற்றி எப்போதும் கூட்டம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கலர் திரையோடு வேறு ஜாதி மெஷின் ஒன்றை வாங்க வைத்தேன். பழையதில் எழுதிய புரோகிராம் எதுவும் அதில் ஓடவில்லை. புரோகிராம் இல்லாததால் ஆள் வரவில்லை. ஆள் வராததால் அதற்கு யாரும் புரோகிராம் எழுதவில்லை.

தீபாவளிக்குள் புதுசில் ஆள் உட்காராவிட்டால் இரண்டையும் விற்றுவிட்டு மாடியில் சேலைக் கட்டு அடுக்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். என் பிழைப்பே அந்த மாடிதான். அவர் கேட்டதிலும் பிழையில்லை: "தன் சொந்தக்காரன் ஒருத்தனும் இல்லாத தோட்டத்துக்கு யாரு மாஸ்டர் வேலைக்குப் பேர் பதிய வருவா?"

மடுல்சீமை கிளாக்கர்

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்த செல்வநாயகம் ஞாயிறுதோறும் வருவார். ஆளுக்கு ஆள் பறித்த கொழுந்தின் நிறுவைக் கணக்கைத் தானே புரோகிராமாக எழுதியவர். எங்கள் கூட்டத்தில் உருப்படியாக எழுதத் தெரிந்த ஒரே ஆள். அவர் நகர்ந்தால் மற்றவர்களும் நகர்வார்கள்.

கலரைக் காட்டினேன். கெஞ்சினேன். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். டீயை மட்டும் குடித்துவிட்டுப் பழைய மெஷினைக் காட்டிச் சொன்னார்: "என் சட்டிபானை எல்லாம் இங்க கெடக்கு, நான் மட்டும் அங்க போய் என்னங்க செய்ய?"

குடிவந்த ஞாயிறு

கொழும்பு நண்பர் ஒருவர் ஒரு பிளாப்பி டிஸ்க் அனுப்பினார். முதலில் அதைப் போட்டால், பழைய மெஷினின் புரோகிராம்கள் புதுசிலும் ஓடும். கொஞ்சம் நொண்டும், ஆனால் ஓடும். அடுத்த ஞாயிறே கிளாக்கர் சட்டிபானையோடு குடிவந்தார், பின்னாலேயே மற்றவர்களும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஓடியதெல்லாம் பழசுதான். கிளாக்கர் மட்டும் கலர் ஆசையில், நிறுவை குறைந்த பேரைச் சிவப்பில் காட்ட, புதுசுக்கென்றே ஏதோ எழுதிப் பழகினார். முதலாளி ஏறிவந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்: "பழைய கறியச் சூடு காட்டத்தானா புதுச் சட்டி?"

ஆயுத பூசை

நான் பூசைக்குப் பூ வாங்கப் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. மெஷின், மேசை, நாற்காலி எல்லாவற்றுக்கும் பொட்டு. எல்லாவற்றையும் ஓட வைப்பது அந்த டிஸ்க்தானே என்று, அதற்கு மட்டும் கிளாக்கர் விசேஷ மரியாதை செய்திருந்தார். உறைக்குள் சுழலும் தகடு வெளியே தெரியும் இடமாகப் பார்த்து, வட்டமாகச் சந்தனம், மேலே குங்குமம். மெஷினால் படிக்க முடியாமல் டிஸ்க் செத்துப்போனது. அது நகல் எடுக்க விடாத டிஸ்க் வேறு.

போச்சு, இனி எல்லாரும் பழையதுக்கே திரும்பிவிடுவார்கள் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். கிளாக்கர் கையைத் துடைத்துக்கொண்டு புதுசின் முன்னாலேயே உட்கார்ந்தார். நிறுவைக் கணக்கை அதற்கென்றே முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். பழையதுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "வந்த பாதைதான் மாஸ்டர் உடைஞ்சிருச்சு, வந்த எடம் நல்லாத்தானே இருக்கு." மற்றவர்களும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்கள்.

அந்தத் தீபாவளிக்குச் சேலைக் கட்டு மாடி ஏறவில்லை, ஏறிவந்த முதலாளிதான் உட்கார இடமில்லாமல் இறங்கிப்போனார்.