குடைச் சின்னமும் காமாட்சியக்காவின் இட்லிக் கடையும்

வக்கீல் சொல்வதெல்லாம் பொய் என்பார்கள். அந்த வக்கீலே அரசியலுக்குப் போய்விட்டால் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். பழைய ரங்கூனான யாங்கோனில் இரண்டு வேலையும் பார்த்து, இரண்டு கெட்ட பேரையும் வாங்கியவன் நான். வோட்டுக் கேட்டு அலைந்தவர்களுக்கும் வோட்டுப் போட்டு ஏமாந்தவர்களுக்கும் என் வலி புரியும்.

தவணை வக்கீல்

ஊர் நடுவே பபேடான் பேட்டையில் என் ஆபீஸ், மாடியில். கீழே நடைபாதையில் காமாட்சியக்காவின் இட்லிக் கடை. கணவர் போன பிறகு ஓர் அடுப்பும் நாலு பிளாஸ்டிக் ஸ்டூலும்தான் அவருக்குப் பிழைப்பு. "கடையை எடு" என்று வார்டு ஆட்கள் வந்தால் நான் மனு எழுதுவேன், தவணை கிடைக்கும். மறுபடி வருவார்கள், மறுபடி மனு. இதைப் பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாம்பார் ஊற்றியபடியே அக்கா சொன்னார்: "தவண கேட்டே எனக்கு முடி நரைச்சிருச்சு வக்கீல் தம்பி. சட்டம் போடுற எடத்துக்கே போயி ஒக்காந்துக்கங்களேன்."

யாரோ ஒரு பர்மாக்காரன்

அதைக் கேட்டு பிராந்திய மன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். இங்கே நம்மவர்களுக்கு வீட்டில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பேர். தெருவில் நான் முருகேசன். வாக்குச்சீட்டில் மரியாதைக்கு ஒரு 'ஊ' சேர்த்து ஊ மியோ வின், குடைச் சின்னம். பர்மியத் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் குடையைக் காட்டினேன். நம் தெருவில் மட்டும் காட்டவில்லை. நம்மவர்களுக்குத் தெரியாதா என்ற மிதப்பு!

வோட்டுப் போட்டுவிட்டு வந்த அக்காவின் முகம் வாடியிருந்தது. "ஒங்க பேரையே காணோம் தம்பி. யாரோ ஒரு பர்மாக்காரன் கொடை வச்சிருந்தான், பாவம், அவனுக்கே குத்திட்டு வந்துட்டேன்."

பக்கத்து நாற்காலி

அந்தப் பர்மாக்காரன் ஜெயித்துவிட்டான். கவுங்பவுங் தலைப்பாகை கட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனேன். பக்கத்து நாற்காலியில் தின்கன்ஜூன் தொகுதி உறுப்பினர் ஊ ஹ்லா, பழம் தின்று கொட்டை போட்டவர். ஏசிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவார்; கைதட்டும் நேரத்தில் மட்டும் சரியாக விழித்துக்கொள்வார்.

நடைபாதைக் கடைகளுக்கு நிரந்தர அனுமதி உண்டா என்று நான் கேள்வி எழுதிக் கொடுக்கப் போனபோது, பர்மியில் காதோடு சொன்னார்: "வேண்டாம் தம்பி மியோ வின். கேள்வி கேட்டால் நேரில் வந்து பார்த்துவிடுவார்கள்."

ஆய்வு

பொறாமை என்று நினைத்து, கேட்டே விட்டேன். "நேரில் ஆய்வு செய்யப்படும்" என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் வார்டு ஆட்கள் விடியற்காலையிலேயே கடைகளையெல்லாம் பின்சந்துக்குத் தள்ளி, நடைபாதையைக் கழுவி, பூந்தொட்டி வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் நடைபாதையைப் பார்த்தார்கள். வார்டு ஆபீஸில் உட்கார்ந்து இட்லியை ஒரு பிடி பிடித்தார்கள். "இங்கே கடையே இல்லை, ஆகவே பிரச்சினையும் இல்லை" என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் தின்ற இட்லியைப் பின்சந்தில் அவித்துக் கொடுத்தவர் காமாட்சியக்கா.

அக்கா அடுப்பு வைத்திருந்த இடத்தில் செவ்வந்தித் தொட்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் யாரும் வராத அந்தச் சந்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மறுபடியும் கேள்வி கேட்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். தொட்டி காஞ்சதும் நானே மெதுவா அடுப்பத் தூக்கிட்டு முன்னால வந்துர்றேன். அதுவரைக்கும் அங்க போயி என்னைப் பத்தி ஒண்ணும் பேசிராதீங்க."

பதவி முடியும்வரை நான் வாயே திறக்கவில்லை, செவ்வந்தியும் சீக்கிரமே காய்ந்தது, அக்கா கடை இன்று பழைய இடத்திலேயே இருக்கிறது என்பதுதான் மக்களுக்காக நான் ஆற்றிய ஒரே தொண்டு.